பெரும்பாலோர் என்றால் எத்தனை பேர்?

மாலை நேரம். பள்ளி விட்டு வீடு திரும்பிய மகள், புத்தகப் பையை இறக்கி வைத்த கையோடு தந்தையின் அருகில் வந்து நிற்கிறாள்.

“அப்பா, எங்கள் வகுப்பில் எல்லாரும் சுற்றுலாவுக்குப் பெயர் கொடுத்துவிட்டார்கள். நான் மட்டும்தான் பாக்கி.”

“எல்லாருமா, அம்மா?”

“எல்லாரும் என்றால்... முக்கால்வாசிப் பேர், அப்பா.”

தந்தை மறுமொழி கூறவில்லை. மூக்குக் கண்ணாடி மாற்றுவதற்கென்று எடுத்து வைத்திருந்த பணத்தை எண்ணிப் பார்க்கிறார். எல்லாப் பிள்ளைகளும் போகும்போது தம் பிள்ளை மட்டும் ஏக்கத்தோடு நிற்கலாமா என்று அவர் உள்ளம் கேட்கிறது. “சரி அம்மா, பார்ப்போம்” என்கிறார்.

இது நாம் கற்பனை செய்துகொண்ட காட்சிதான். ஆயினும் நம் இல்லங்களில் நடவாத ஒன்றன்று. ‘எல்லாரும்’ என்பதும் ‘முக்கால்வாசி’ என்பதும் எண்ணிக்கையைக் குறிக்கும் சொற்கள். ஆனால் அம்மகள் எண்ணினாளா? இல்லை. தந்தை எண்ணினார்; அவர் எண்ணியதோ பணத்தை! அவ்வகுப்பில் 42 மாணவியர் இருந்தனர் என்று வைத்துக்கொள்வோம். உண்மையில் பெயர் கொடுத்தவர் எத்தனை பேர்? விடையை இக்கட்டுரையின் முடிவில் காண்போம்.

அதற்கு முன், ஒரு கூட்டத்தின் பெரும்பகுதியைக் குறிப்பதற்கு ஆங்கிலத்தில் வழங்கும் சொற்களைச் சற்றே ஆராய்வோம். ஆங்கில வகுப்பில் நாம் நாள்தோறும் கையாளும் சொற்கள்தாம் இவை. எழுதும்போது இவற்றில் நாம் செய்யும் பிழைகள் பல. பிழையற எழுதப் பழகினால் மதிப்பெண் கிடைக்கும். அதனினும் பெரிய பயன் ஒன்றும் உண்டு. அதுவும் போகப் போக விளங்கும்.

மோஸ்ட்

மெனி, மோர், மோஸ்ட் என்று கீழ் வகுப்பிலேயே நாம் ஒப்புமைப் படிகளை மனப்பாடம் செய்திருக்கிறோம். ‘மெனி’ என்றால் பல. ‘மோர்’ என்றால் அதைவிட அதிகம். ‘மோஸ்ட்’ என்றால் எல்லாவற்றிலும் அதிகம். இது பழைய ஆங்கிலத்திலிருந்தே வழங்கி வரும் சொல். ஜெர்மன் மொழியில் ‘மைஸ்ட்’ என்று இதற்கு உடன்பிறப்பு ஒன்று உண்டு.

இச்சொல்லை ஆளும்போது நம் மாணவியர் அடிக்கடி தடுக்கி விழும் இடங்கள் மூன்று.

முதலாவது, ‘மோஸ்ட் ஆஃப் கர்ள்ஸ்’ என்று எழுதுவது. இது பிழை. பொதுவாகப் பெண்களைப் பற்றிப் பேசினால் ‘மோஸ்ட் கர்ள்ஸ்’ என்றாலே போதும். குறிப்பிட்ட ஒரு வகுப்பின் பெண்களைச் சுட்டினால் ‘மோஸ்ட் ஆஃப் தி கர்ள்ஸ்’ என்று எழுத வேண்டும். ‘ஆஃப்’ வந்தால் அதன் பின்னே ‘தி’ அல்லது ‘மை’, ‘அவர்’, ‘தீஸ்’ போன்ற ஒரு சுட்டு வர வேண்டும் என்று நினைவிற் கொள்வோம். ஊர்ப்பெயர் வந்தால் சுட்டு வேண்டியதில்லை. ‘மோஸ்ட் ஆஃப் மதுரை’ என்பது சரியே.

இரண்டாவது, வினைச்சொல். ‘மோஸ்ட்’ என்பது தானாக ஒருமையும் இல்லை, பன்மையும் இல்லை. தன் பின்னே வரும் பெயர்ச்சொல்லைப் பார்த்து நடந்துகொள்ளும். ‘மோஸ்ட் ஆஃப் தி கர்ள்ஸ் ஆர் ஹியர்’ என்போம். ‘மோஸ்ட் ஆஃப் தி ரைஸ் இஸ் குக்ட்’ என்போம். பெண்களை எண்ணலாம், ஆகையால் பன்மை. சோற்றை எண்ணுவதில்லை, ஆகையால் ஒருமை.

மூன்றாவது, ‘மோஸ்ட்லி’, ‘ஆல்மோஸ்ட்’ என்னும் இரு சொற்களையும் குழப்பிக்கொள்வது. ‘மோஸ்ட்லி நாளைக்கு வருவாள்’ என்று நாம் பேசுகிறோம். ஒருவேளை வரக்கூடும் என்பது நம் கருத்து. அதற்கு ஆங்கிலச் சொல் ‘ப்ராபப்ளி’. ‘மோஸ்ட்லி’ என்றால் பெரும்பாலும், அதாவது பல முறையுள் அதிக முறை என்று பொருள். அவ்வாறே ‘ஆல்மோஸ்ட் கர்ள்ஸ்’ என்பதும் பொருளற்ற தொடர். ‘ஆல்மோஸ்ட் ஆல் தி கர்ள்ஸ்’ என்றால்தான் ஏறத்தாழ எல்லாப் பெண்களும் என்று பொருள்படும்.

சரி, ‘மோஸ்ட்’ என்று சொல்ல எத்தனை பேர் வேண்டும்? பாதிக்கு மேல் வேண்டும் என்பதே பொதுவான கருத்து. ஆனால் கேட்பவர் மனத்தில் எழும் சித்திரம் அதைவிடப் பெரிது. 42 பேரில் 22 பேர் வந்திருக்கும்போது ‘மோஸ்ட் ஆஃப் தி கர்ள்ஸ்’ வந்தார்கள் என்று சொன்னால், கணக்குப்படி பொய்யன்று. ஆயினும் கேட்பவர் 35 பேரேனும் வந்திருப்பர் என்று எண்ணிக்கொள்வார். நம் ‘முக்கால்வாசி’யும் இப்படிப்பட்டதே. நான்கில் மூன்று பங்கு என்பது அதன் நேர்ப்பொருள். நாமோ பாதியைத் தாண்டினாலே முக்கால்வாசி என்கிறோம். சில வேளைகளில் பாதியைத் தாண்டாமலும் சொல்லிவிடுகிறோம்!

மெஜாரிட்டி

இலத்தீன் மொழியில் ‘மாயோர்’ என்றால் பெரியது என்று பொருள். அதிலிருந்து பிரெஞ்சு மொழி வழியாக ஆங்கிலத்திற்கு வந்த சொல்லே ‘மெஜாரிட்டி’. பட்டாளத்து ‘மேஜர்’ இதன் உறவினர். ‘அவள் மேஜர் ஆகிவிட்டாள்’ என்று நம் வீடுகளிலும் நீதிமன்றங்களிலும் சொல்லப்படும் ‘மேஜரும்’ இதன் உறவினரே. 1875-ஆம் ஆண்டின் இந்தியச் சட்டம் ஒன்றின் பெயரிலேயே இச்சொல் உண்டு. வயது நிறைவை வரையறுக்கும் அச்சட்டத்தின்படி 18 வயது நிறைந்தவர் ‘மெஜாரிட்டி’ எய்தியவர் ஆவார். ஆகவே இச்சொல்லுக்கு எண்ணிக்கையில் பெரியது என்ற பொருளும் உண்டு. வயதிற் பெரியவராதல் என்ற பொருளும் உண்டு. இதற்கு எதிர்ச்சொல்லான ‘மைனர்’ நம் நாட்டில் கழுத்துச் சங்கிலிக்கும் பெயராகிவிட்டது தனிக் கதை.

ஒரு கூட்டத்தில் பாதிக்கு மேற்பட்ட பகுதியே ‘மெஜாரிட்டி’. இதனைப் ‘பாதியும் ஒன்றும்’ என்று சொல்லிக் கொடுப்பதுண்டு. இரட்டைப்படை எண்ணுக்கு அது பொருந்தும். 42-இல் பாதி 21. ஒன்றைக் கூட்டினால் 22. ஆனால் 41 பேர் இருந்தால்? பாதி இருபதரை, ஒன்றைக் கூட்டினால் இருபத்தொன்றரை. அரைப் பெண்ணை எங்கே தேடுவது? உண்மையில் 21 பேரே அங்குப் போதும். ஆகவே ‘பாதிக்கு மேல்’ என்று நினைவில் வைத்துக்கொள்வதே பிழையற்ற வழி.

‘மெஜாரிட்டி’ எண்ணக்கூடியவற்றிற்கு மட்டுமே உரியது. ‘தி மெஜாரிட்டி ஆஃப் தி கர்ள்ஸ்’ என்று எழுதலாம். ‘தி மெஜாரிட்டி ஆஃப் தி ரைஸ்’ என்று எழுதலாகாது. அங்கு ‘மோஸ்ட் ஆஃப் தி ரைஸ்’ என்பதே தகும். வினைச்சொல்லும் சற்றுக் கவனத்திற்குரியது. கூட்டத்தை ஒரே பொருளாகக் கருதினால் ஒருமை வரும்; கூட்டத்திலுள்ள ஒவ்வொருவரையும் கருதினால் பன்மை வரும். ‘தி மெஜாரிட்டி இஸ் ஸ்மால்’ என்பதும் சரி; ‘தி மெஜாரிட்டி ஆஃப் தி கர்ள்ஸ் ஆர் பிரசன்ட்’ என்பதும் சரி.

பெரும்பான்மையிலும் பல அளவுகள் உண்டு. பாதியை மயிரிழையில் தாண்டினால் ‘நேரோ மெஜாரிட்டி’. மிகப் பலர் ஒரு பக்கம் நின்றால் ‘வாஸ்ட் மெஜாரிட்டி’ அல்லது ‘கிரேட் மெஜாரிட்டி’. இந்த அடைமொழிகளையும் அளந்தே இட வேண்டும். 42-இல் 23 பேரை ‘வாஸ்ட் மெஜாரிட்டி’ என்பது, கீரைப் பாத்தியைத் தோப்பு என்பது போலாகும்.

இங்கிலாந்தில் இச்சொல்லுக்கு மற்றொரு வழக்கும் உண்டு. தேர்தலில் வென்றவர் ‘500 மெஜாரிட்டி’ பெற்றார் என்றால், இரண்டாம் இடத்தவரைவிட 500 வாக்குகள் கூடுதலாகப் பெற்றார் என்று பொருள். அவர் மொத்த வாக்கில் பாதியைத் தாண்டினாரா என்பது அதிலிருந்து தெரியாது. ஆங்கிலச் செய்தித்தாள் வாசிக்கும்போது இதனை மறவாதிருப்போம்.

ப்ளூராலிட்டி

வகுப்புத் தலைவியைத் தேர்ந்தெடுக்கிறோம். மூவர் நிற்கின்றனர். 42 வாக்குகளில் முதல்வருக்கு 18, இரண்டாமவருக்கு 13, மூன்றாமவருக்கு 11 கிடைக்கின்றன. யாருக்கு அதிகம்? ஐயமின்றி முதல்வருக்கே. அவருக்கு ‘மெஜாரிட்டி’ கிடைத்ததா? இல்லை, 22 வேண்டுமே! அவரை விரும்பியோர் 18 பேர். வேறொருவரை விரும்பியோர் 24 பேர். இப்படி மற்றெவரையும்விட அதிகமாயும், பாதிக்குக் குறைவாயும் இருக்கும் தொகையை அமெரிக்கர் ‘ப்ளூராலிட்டி’ என்பர். ‘ப்ளூரல்’ என்று நாம் இலக்கணத்திற் படிக்கும் பன்மையும், கணக்கிற் போடும் ‘ப்ளஸ்’ குறியும் இச்சொல்லுக்கு உறவினர். இங்கிலாந்தில் இதனையே ‘ரெலடிவ் மெஜாரிட்டி’ என்றும், பாதியைத் தாண்டியதை ‘ஆப்சலூட் மெஜாரிட்டி’ என்றும் பிரித்துச் சொல்வதுண்டு.

இச்சொல்லின் வேறுபாடு ஒரு நாட்டின் வரலாற்றையே மாற்றியது. 1824-ஆம் ஆண்டு அமெரிக்கக் குடியரசுத் தலைவர் தேர்தலில் நால்வர் போட்டியிட்டனர். தேர்வாளர் வாக்குகள் மொத்தம் 261. ஆண்ட்ரூ ஜாக்சன் 99, ஜான் குவின்சி ஆடம்ஸ் 84, வில்லியம் கிராஃபோர்டு 41, ஹென்றி கிளே 37 வாக்குகள் பெற்றனர். ஜாக்சனே முதலிடம். ஆனால் அந்நாட்டு அரசியலமைப்பு ‘மெஜாரிட்டி’ வேண்டும் என்கிறது. அதாவது 131 வேண்டும். எவரும் அதனை எட்டாமையால், முதல் மூவருள் ஒருவரைத் தெரிந்தெடுக்கும் பொறுப்பு மக்கள் பிரதிநிதிகள் சபைக்குச் சென்றது. மாநிலத்திற்கு ஒரு வாக்கு. அன்று இருந்த மாநிலங்கள் 24. 1825 பிப்ரவரியில் 13 மாநிலங்கள் ஆடம்ஸைத் தெரிந்தன. அவரே தலைவரானார். அதிக வாக்கு வாங்கிய ஜாக்சன் 1828 தேர்தல் வரையில் காத்திருக்க நேர்ந்தது.

அடிமை முறையை ஒழிக்கப் பாடுபட்ட ஆபிரகாம் லிங்கனின் கதையும் சுவையானதே. 1860 தேர்தலிலும் நால்வர் போட்டி. மக்கள் அளித்த வாக்குகளில் லிங்கனுக்குக் கிடைத்தவை நூற்றுக்கு 40-ஐக்கூட எட்டவில்லை, ‘ப்ளூராலிட்டி’ மட்டுமே. தேர்வாளர் வாக்குகளிலோ 303-இல் 180 பெற்றார், அது ‘மெஜாரிட்டி’. ஒரே தேர்தல், ஒரே மனிதர். எதை எண்ணுகிறோம் என்பதைப் பொறுத்துச் சொல் மாறுகிறது!

நம் நாட்டு மக்களவைக்கும் இது பொருந்தும். மொத்த இடங்கள் 543; ஆட்சி அமைக்க 272 இடங்கள் பெரும்பான்மை. ஒரு தொகுதியில் பாதி வாக்குப் பெற வேண்டியதில்லை. மற்றவரைவிட ஒரு வாக்கு அதிகம் பெற்றாலே வெற்றிதான். 1951-52-இல் நடந்த முதல் தேர்தலிலிருந்து 2024 தேர்தல் வரையில், எந்த ஒரு கட்சியும் தனித்து நாட்டின் மொத்த வாக்குகளில் பாதியைத் தாண்டியதில்லை. 1984-இல் 400-க்கு மேற்பட்ட இடங்களைப் பிடித்த கட்சியும் வாக்குகளில் பாதியை எட்டவில்லை. இடங்களில் ‘மெஜாரிட்டி’, வாக்குகளில் ‘ப்ளூராலிட்டி’ என்பதே இதனைச் சொல்லும் முறை.

மூன்றில் இரண்டு பங்கு

பாதிக்கு மேல் என்பது போதாது என்று கருதப்படும் வேளைகளும் உண்டு. நம் அரசியலமைப்பைத் திருத்துவதற்கு, 368-ஆம் பிரிவின்படி ஒவ்வோர் அவையிலும் மொத்த உறுப்பினருள் பாதிக்கு மேற்பட்டோர் ஆதரிக்க வேண்டும். வந்திருந்து வாக்களிப்போருள் மூன்றில் இரண்டு பங்கினரும் ஆதரிக்க வேண்டும். ஆங்கிலத்தில் இதற்கு ‘டூ தேர்ட்ஸ் மெஜாரிட்டி’ என்று பெயர்.

இந்த மூன்றில் இரண்டு பங்குக்கும் நம் திருச்சபைக்கும் நெடுநாளைய தொடர்பு உண்டு. 1159-இல் திருத்தந்தையைத் தெரிந்துகொள்ளக் கூடிய கர்தினால்மார் இரண்டு பட்டனர். அதிகம் பேர் 3-ம் அலெக்சாந்தரைத் தெரிந்துகொண்டனர். குறைந்த தொகையினரோ, ‘எண்ணிக்கையில் நாங்கள் குறைவு எனினும், நல்லறிவில் நாங்களே மேல்’ என்னும் கருத்துடன் வேறொருவரைத் திருத்தந்தை என அறிவித்தனர். திருச்சபையில் ஏறத்தாழ 20 ஆண்டுகள் பிளவு நீடித்தது. அப்பிளவு நீங்கிய பின்னர், 1179-இல் கூடிய மூன்றாம் இலாத்தரன் பொதுச்சங்கத்தில், மூன்றில் இரண்டு பங்கு கர்தினால்மாரின் வாக்கைப் பெற்றவரே திருத்தந்தை என்று அதே 3-ம் அலெக்சாந்தர் விதி வகுத்தார். எவர் நல்லறிவினர் என்று வாதிட்டால் முடிவே வராது. எண்ணினால் முடிவு வரும். அதே வேளையில் அந்த எண் பெரியதாக இருந்தால் தோற்ற பக்கத்தாரும் மனம் ஒப்புவர். இதுவே அவ்விதியின் பயன்.

1996-இல் திருத்தந்தை 2-ம் அருளப்பர் சின்னப்பர், பலமுறை வாக்கெடுத்தும் முடிவு வராத நிலையில் பாதிக்கு மேற்பட்ட வாக்கே போதும் என்று முடிவு செய்யக் கர்தினால்மாருக்கு இடம் அளித்தார். 2007-இல் திருத்தந்தை 16-ம் ஆசீர்வாதப்பர் அதனை நீக்கி, மூன்றில் இரண்டு பங்கையே மீண்டும் நிலைநாட்டினார். 2025 மே 8-ஆம் நாள் திருத்தந்தை 14-ம் லியோவைத் தெரிந்தெடுத்தபோது வாக்களித்த கர்தினால்மார் 133 பேர். பாதிக்கு மேல் என்றால் 67 போதும். மூன்றில் இரண்டு பங்கு என்பதால் 89 தேவைப்பட்டது. நாமும் பென்சிலும் தாளும் எடுத்துக் கணக்கிட்டுப் பார்க்கலாம்.

வேறு சில தொடர்கள்

பெரும்பகுதியைச் சொல்ல ஆங்கிலத்தில் இன்னும் சில தொடர்கள் உள்ளன. ‘பல்க்’ என்னும் சொல் பழைய வடநாட்டார் மொழியில் கப்பற் சரக்கைக் குறித்தது. குவியலாகவோ பாரமாகவோ உள்ள பொருளுக்கு அது பொருந்தும். ‘தி பல்க் ஆஃப் தி வொர்க்’ என்றால் வேலையின் பெரும்பகுதி.

‘தி பெட்டர் பார்ட் ஆஃப் அன் அவர்’ என்றால் ஒரு மணி நேரத்தின் நல்ல பகுதி என்று பொருள் கொள்ளலாகாது; பாதிக்கு மேற்பட்ட பகுதி என்றே கொள்ள வேண்டும். பேருந்துக்காக அவ்வளவு நேரம் நின்ற பகுதியை எவர்தாம் நல்ல பகுதி என்பார்?

‘லயன்ஸ் ஷேர்’, அதாவது சிங்கத்தின் பங்கு, ஈசாப்பின் கதையிலிருந்து பிறந்தது. மற்ற விலங்குகளோடு சேர்ந்து வேட்டையாடிய சிங்கம், பங்கு பிரிக்கையில் ஒவ்வொரு பங்கிற்கும் ஒவ்வொரு காரணம் சொல்லி எல்லாவற்றையும் தானே எடுத்துக்கொண்டது. கதையில் அது முழுவதையும் எடுத்தது. இன்றைய ஆங்கிலத்திலோ பெரும்பங்கு என்றே பொருள். தகுதிக்கு மீறி எடுத்துக்கொண்டான் என்ற குறிப்பும் சில வேளை அதில் ஒலிக்கும். ஆகையால் அன்னதானத்திற்குப் பெரும்பங்கு பொருள் கொடுத்தவரைப் பற்றி எழுதும்போது இத்தொடரைத் தவிர்ப்பது நலம்.

ஆங்கிலேயரைக் குறை கூற வேண்டாம். கடலை மிட்டாயை இரண்டாக உடைத்து, ‘பெரிய பாதி எனக்கு’ என்று தங்கையிடம் சண்டை பிடிப்பவர்கள்தாமே நாம்! பாதியில் பெரிய பாதி ஏது?

எஞ்சியவர்

பெரும்பகுதியைக் குறிக்கும் ஒவ்வொரு சொல்லும் ஒரு சிறுபகுதியைத் தன் பின்னே மறைத்து வைத்திருக்கிறது. ‘மோஸ்ட்’ என்றவுடன் மற்றவர் உண்டு என்பது பெறப்படும். ‘மெஜாரிட்டி’ என்றவுடன் ‘மைனாரிட்டி’ உண்டு என்பது பெறப்படும். அந்த மற்றவர் யார், அவர் ஏன் சேரவில்லை என்று கேட்பது நம் கடமை.

நற்செய்தியில் ஆண்டவர் சொன்ன உவமையில் 100 ஆடுகள். 99 மந்தையில் நிற்கின்றன. அதைவிடப் பெரிய ‘வாஸ்ட் மெஜாரிட்டி’ வேண்டுமா? ஆயினும் ஆயன் அவற்றை விட்டுக் காணாமற்போன ஒன்றைத் தேடிச் செல்கிறான். குணமடைந்த தொழுநோயாளர் பதின்மரில் ஒன்பது பேர், பெரும்பான்மையினர், தம் வழியே போய்விட்டனர். நன்றி சொல்லத் திரும்பியவன் ஒருவனே, அவனும் அயலான். அவன் செய்ததே சரி என்று நாம் மறைக்கல்வியிற் படித்திருக்கிறோம்.

6-ம் நூற்றாண்டில் தம் மடத்தார்க்கு ஒழுங்குகள் எழுதிய புனித ஆசீர்வாதப்பர், முக்கியமான காரியங்களில் எல்லாரையும் கூட்டிக் கருத்துக் கேட்கச் சொன்னார். மிக இளையவருக்கும் இறைவன் நல்ல வழியைக் காட்டுவதுண்டு என்பது அவர் கூறிய காரணம். மடத் தலைவரைத் தெரிந்துகொள்வதில், நல்லறிவுடைய சிறு பகுதியின் தேர்வுக்கும் அவர் இடம் வைத்தார். இந்த எண்ணத்தைத் தன்னலத்திற்குப் பயன்படுத்தினால் 1159-இல் நேர்ந்தது நேரும். ஆயினும், எண்ணிக்கை முடிவைத் தரும், உண்மையைத் தராது என்னும் பாடம் அதிலே இருக்கிறது. 10 பேர் சேர்ந்து 7-ஐயும் 8-ஐயும் கூட்டி 16 என்றாலும் அது 15-தான்.

இங்கிலாந்து நாட்டு நீதிமன்றங்களில் குற்ற வழக்குகளைக் கேட்கும் ஜூரர் 12 பேரும் ஒருமனப்பட்டாலன்றி 1967 வரையில் தீர்ப்பளிக்க இயலாதிருந்தது. ஒருவர் மாறுபட்டாலும் மற்ற 11 பேரும் அவரோடு பேசித்தான் ஆக வேண்டும். அவ்வாண்டில் வந்த சட்டம், 12-இல் 10 பேர் உடன்பட்டாலும் போதும் என்று இடம் அளித்தது. இன்றும் முதலில் ஒருமனத் தீர்ப்புக்கே முயல்கின்றனர். ‘யுனானிமஸ்’ என்னும் ஆங்கிலச் சொல்லின் இலத்தீன் மூலத்திற்கு ஒரே மனம் என்று பொருள். பிறர் விடுதலையைப் பறிக்கும் முடிவு எடுக்கும்போது வெறும் பெரும்பான்மை போதாது என்று அம்மக்கள் நினைத்தனர்.

நாமோ பள்ளியில், ஒருத்தியைக் குறித்துத் தீர்ப்புச் சொல்ல எத்தனை பேரைக் கேட்கிறோம்? ‘எல்லாரும் அவளைப் பற்றி அப்படித்தான் சொல்கிறார்கள்’ என்போம். அந்த எல்லாரும் யார் என்று விரல் விட்டு எண்ணினால், மதிய உணவுக்கு நம்மோடு உட்காரும் மூவராக இருப்பர். ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது பழமொழி. ஒரே அடுப்பில் ஒரே நீரில் வெந்த சோற்றுக்கு அது பொருந்தும். வெவ்வேறு வீட்டில் வளர்ந்த 42 உள்ளங்களுக்குப் பொருந்தாது. அங்கு ஒவ்வொருவராகக் கேட்டால்தான் தெரியும்.

விடை

இனி, தொடக்கத்தில் கண்ட வகுப்பிற்குத் திரும்புவோம். மறுநாள் காலை, சுற்றுலாவுக்குப் பெயர் கொடுத்தவர் பட்டியலை ஆசிரியை கரும்பலகையில் எழுதுகிறார். எண்ணிப் பார்க்கிறாள் அம்மகள். பதினான்கு பெயர்கள்.

42-இல் 14. மூன்றில் ஒரு பங்கு. எஞ்சியவர் 28 பேர். சரியாக மூன்றில் இரண்டு பங்கு! ‘மோஸ்ட் ஆஃப் தி கர்ள்ஸ்’ என்பதற்கு உரியவர்கள் போகாதவர்களே. ‘மெஜாரிட்டி’ அவர்களே. திருத்தந்தையைத் தெரிந்துகொள்ளும் விதிக்கும் போதுமான பங்கு அவர்களுடையது. ஆயினும் அந்த 28 பேருள் எத்தனையோ பேர் முந்தின நாள் மாலை தத்தம் வீட்டில், ‘எல்லாரும் போகிறார்கள், நான் மட்டும்தான் பாக்கி’ என்று சொல்லியிருக்கக் கூடும். பெயர் கொடுத்த பதினால்வரும் உரக்கப் பேசினர். கொடாதவர் வாய் திறக்கவில்லை. ஒவ்வொருத்தியும் தான் ஒருத்தியே என்று எண்ணி வெட்கினாள். எத்தனை தந்தையர் எத்தனை மூக்குக் கண்ணாடிகளைத் தள்ளி வைத்தனரோ!

அம்மகள் மாலையில் வீடு திரும்பியதும், “அப்பா, நான் எண்ணாமல் சொல்லிவிட்டேன். பதினாலு பேர்தான் பெயர் கொடுத்திருக்கிறார்கள். நீங்கள் கண்ணாடியை மாற்றிக்கொள்ளுங்கள்” என்று சொல்வாளாயின், அவள் அன்று கற்ற ஆங்கிலப் பாடம் வீண் போகவில்லை எனலாம்.

அன்புத் தோழியரே! ‘எல்லாரும்’ என்று சொல்லத் தோன்றும்போது ஒரு கணம் நிற்போம், எண்ணுவோம். பாதியைத் தாண்டினால் ‘மெஜாரிட்டி’ என்போம். தாண்டாமல் முதலிடத்தில் இருந்தால் ‘ப்ளூராலிட்டி’ என்போம். எண்ணவில்லையாயின், ‘சிலர்’ என்றோ ‘எனக்குத் தெரிந்த மூவர்’ என்றோ சொல்வோம். அதற்கும் ஆங்கிலத்தில் ‘சம்’ என்று எளிய சொல் இருக்கிறது. பெற்றோரும், ‘எல்லாருமா?’ என்று ஒருமுறை கேட்டதோடு நில்லாமல், ‘எத்தனை பேர், அம்மா?’ என்று இரண்டாம் முறையும் கேட்பார்களாக.

எண்ணி முடித்த பின், பட்டியலில் இல்லாத பெயர்களையும் ஒருமுறை நினைத்துப் பார்ப்போம். நல்லாயன் தேடிச் சென்றது அங்கேதான். அவர் காட்டிய வழியில் உண்மை பேசவும், தனித்து நிற்பவரின் பக்கத்தில் சென்று நிற்கவும், இறைவன் நம் அனைவர்க்கும் அருள்வாராக!